ஓய்வெடுத்தும் தீராத அலுப்பு: மனப்போராட்டத்தில் நாம் செய்யும் தவறுகள்

வேலையை விடுவதா, இருப்பதா என்று ஆறு மாதமாக ஊசலாடும் ஒருவர் ஒரு வாரம் விடுப்பு போட்டு நன்றாகத் தூங்குகிறார். திரும்பிய முதல் நாளே பழைய அலுப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. உடம்புக்குத்தான் விடுப்பு கிடைத்தது. உள்ளே நடக்கும் வழக்குக்கு யாரும் வாய்தா கொடுக்கவில்லை. மன உளைச்சல் என்றதும் வேலைப் பளுவைக் கைகாட்டுகிறோம். பல நேரம் அது பளு இல்லை, இழுபறி. இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் மற்ற தவறுகள் தொடங்குகின்றன.

இழுபறியிலும் வகை உண்டு. கூர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1930-களில் அதை மூன்றாகப் பிரித்தார். பிடித்த இரண்டில் ஒன்றைத் தேர்வது முதல் வகை. இதில் பெரிய தலைவலி இல்லை. ஒன்றை நோக்கி ஓரடி வைத்தாலே அது இழுத்துக்கொள்ளும். பிடிக்காத இரண்டுக்கு நடுவே மாட்டுவது இரண்டாவது, இருதலைக் கொள்ளி எறும்பின் பாடு. எறும்புக்குப் போக்கிடம் இல்லை. மனிதருக்கு உண்டு: போனைக் கையில் எடுத்து மணிக்கணக்கில் காணாமல் போவார். வீட்டில் அதைச் சோம்பல் என்பார்கள். உண்மையில் அவர் ஓடி ஒளிந்திருக்கிறார்.

மூன்றாவதுதான் ஆளைத் தின்பது. ஒரே விஷயம் இழுக்கவும் செய்யும், விரட்டவும் செய்யும். எலிகளை வைத்து இதை ஆராய்ந்த நீல் மில்லர் 1944-ல் விளக்கியது இதுதான்: இலக்கை நெருங்க நெருங்க ஆசையும் கூடும், பயமும் கூடும். ஆனால் பயம் ஏறும் வேகம் அதிகம். அதனால் தூரத்தில் ஆசை ஜெயிக்கிறது, கிட்டத்தில் பயம் ஜெயிக்கிறது. ராத்திரி எழுதி முடித்த ராஜினாமா கடிதத்தைக் காலையில் அனுப்ப விரல் வராதது இதனால்தான். அந்த இடத்தில் "எனக்குத் துணிச்சல் இல்லை" என்று தீர்ப்பு எழுதிக்கொள்வது ஒரு தவறு. அதைவிடப் பெரிய தவறு, ஊக்கப் பேச்சு கேட்டு ஆசையை இன்னும் ஏற்றிவிடுவது. பயம் குறையாமல் ஆசையை மட்டும் கூட்டினால், இரண்டும் உக்கிரமாக மோதும் இடத்துக்கே போய்ச் சேருவோம். குறைக்க வேண்டியது பயத்தை. எத்தனை மாதச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பது, எந்த உபதேசத்தையும்விட உதவும்.

"அதை நினைக்காதே" என்ற அறிவுரையும் உதவாது. 1987-ல் உளவியலாளர் டேனியல் வெக்னரின் குழு சிலரிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கவேண்டாம் என்றது. நினைப்பு வந்தபடியே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்றபோது, தொடக்கத்திலிருந்தே அனுமதி பெற்றவர்களைவிட இவர்கள்தான் அதிகம் நினைத்தார்கள்.

அப்படியானால் எல்லோரிடமும் கொட்டித் தீர்த்துவிடலாமா? தினமும் அதே கதையை அதே சொற்களில் சொல்வது ஆறும் புண்ணைச் சொறிவதுதான். "எனக்கு ஏன் இப்படி" என்ற கேள்வி சுழலும். "நாளைக்கு என்ன செய்யப்போகிறேன்" என்ற கேள்வி நகரும். எழுதிப் பார்ப்பது ஒரு வழி. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் மனதை உறுத்துவதை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே மனம் கனத்தது. பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. பிந்தைய ஆய்வுகளில் இந்தப் பலன் சிறியதாகவே தெரிந்தது, அதனால் அற்புத மருந்து என்று நம்பவேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் நோட்டுப் புத்தகம் போதாது, மருத்துவரைப் பார்க்கவேண்டும். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றைக்கே.

கடைசித் தவறு, சந்தேகம் முழுதாகத் தீர்ந்தபிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருப்பது. பெரும்பாலும் வரிசை தலைகீழ்: முடிவு முதலில், தெளிவு பிறகு. உளவியலாளர் ஜாக் பிரெம் 1956-ல் வெளியிட்ட ஆய்வில் சிலரை வீட்டுச் சாமான்களுக்கு மதிப்பெண் போடச் சொல்லி, ஏறக்குறைய சமமாகப் பிடித்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்தபின் மறுபடி மதிப்பெண் போட்டபோது, எடுத்தது உயர்ந்தது, விட்டது இறங்கியது. சாமானும் வாழ்க்கையும் ஒன்றில்லைதான். ஆனாலும் நூற்றுக்கு நூறு தெளிவு வரட்டும் என்று மதில்மேல் உட்கார்ந்திருப்பவர், குதித்தபின் வரக்கூடிய ஒன்றை மேலேயே கேட்டுக்கொண்டிருக்கிறார்.