ரிசல்ட் நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் படிப்பது எப்படி

மனச்சோர்வு என்றதும் மூலையில் உட்கார்ந்து அழும் முகம்தான் நினைவுக்கு வரும். பதின்ம வயதில் அது பல நேரம் எரிச்சலாகவும் வெளிப்படும். "சாப்பிட வா" என்றாலே சீறுவான், கதவை அறைந்து சாத்துவான். 'திமிர்' என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறோம். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

ஒருநாள் கோபம் கணக்கில்லை. இரண்டு வாரமாக, பெரும்பாலான நாட்களில், பழைய பிள்ளையாக இல்லையா என்று பாருங்கள். ராத்திரி 3 மணிக்கும் விளக்கு எரிகிறதா? டிபன் பாக்ஸ் தொடாமல் திரும்பி வருகிறதா? காரணம் பிடிபடாத தலைவலி, வயிற்றுவலி அடிக்கடி வருகிறதா? மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுத்தால் கையில் தானே கீறிக்கொண்ட காயம் இருக்கலாம். சட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள், தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேளுங்கள்.

இன்னும் அவசரமான அறிகுறிகள் உண்டு. "நான் இல்லாட்டா உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு, ஆசையாக வாங்கிய சைக்கிளைத் தம்பிக்குக் கொடுத்துவிடுவது, நண்பர்களுக்கு விடைபெறுவதுபோல் மெசேஜ். முன்பே ஒருமுறை தற்கொலைக்கு முயன்ற பிள்ளைக்கு ஆபத்து அதிகம். வாரக்கணக்கில் வாடிக் கிடந்தவள் திடீரென அமைதியாகிவிட்டால் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். முடிவெடுத்துவிட்டதால் வந்த அமைதியாகவும் இருக்கலாம். 'சொல்றவன் செய்யமாட்டான்' என்பதை நம்பவே நம்பாதீர்கள்.

சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாப்பா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டபின் நீங்கள் பேசாதீர்கள். "உனக்கு என்ன குறை வச்சோம்?" என்ற ஒரு வார்த்தை போதும், திறந்த வாய் மூடிக்கொள்ளும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள்.

ஆமாம் என்றால் ஒரு நிமிடமும் தனியாக விடக் கூடாது. பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தாவின் மாத்திரைகள் எல்லாவற்றையும் வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். இளையோரின் பல முயற்சிகள் சில நிமிட ஆவேசத்தில் நடப்பவை. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பலாம். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104 இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. எதையாவது விழுங்கியிருந்தால், "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் 108ஐ அழையுங்கள். சில விஷங்கள் முதல் நாளில் எதையும் காட்டாது. கேஸாகிவிடும் என்று பயந்து மறைக்காதீர்கள்: 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், 115ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது, தண்டிப்பதில்லை.

ரிசல்ட்டைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள். துணைத்தேர்வு அதே ஆண்டில் உண்டு என்பதை முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

மனச்சோர்வுக்கு மருத்துவர் மாத்திரை எழுதினால் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். அந்த ஆரம்ப வாரங்களில் பதற்றம், தூக்கமின்மை, சாவு பற்றிய பேச்சு கூடினால் உடனே அவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மாத்திரை அட்டை உங்கள் கையிலேயே இருக்கட்டும், அன்றன்றைக்கு உள்ளதை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.