சம்மன் சார்வு: நாள் கணக்கில் கோட்டை விடும் இடங்கள்

சம்மன் கைக்கு வந்ததும் பலர் அதில் தேடுவது வாய்தா தேதியைத்தான். அன்றைக்குப் போய் வக்கீலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். உரிமையியல் வழக்கில் இதைவிட ஆபத்தான தவறு இல்லை. எதிருரை, அதாவது வழக்குக்கு எழுத்தில் தரும் பதில், தாக்கல் செய்வதற்கான 30 நாள், சம்மன் சார்வான (உங்களிடம் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட) நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடுகிறது. வாய்தா எப்போது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 8-ஆம் கட்டளை, 1-ஆம் விதிப்படி, நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து இந்தக் காலத்தை நீட்டிக்கலாம். ஆனால் சார்வான நாளிலிருந்து 90 நாளுக்கு மேல் போகக் கூடாது. முப்பதுக்கு மேல் இன்னொரு தொண்ணூறு என்று கூட்டிக்கொள்வது தவறான கணக்கு. முதல் முப்பதும் அந்தத் தொண்ணூறுக்குள் அடக்கம். சம்மன் சார்வான நாளை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. கடைசி நாளில் நீதிமன்றம் விடுமுறை என்றால் மறு வேலை நாளில் தாக்கல் செய்யலாம்.

தொண்ணூறு நாள் வரம்பு கண்டிப்பானதல்ல, விதிவிலக்கான சூழலில் தளர்த்தலாம் என்று 2005-இல் கைலாஷ் எதிர் நன்ஹ்கு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதை நம்பித் தாமதிப்பவர்கள் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் கீழ் வரும் வழக்கில் 120 நாள் முடிந்தால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். 2019-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. கடனுறுதிச் சீட்டு (புரோநோட்டு), காசோலை போன்றவற்றின் பேரில் 37-ஆம் கட்டளைப்படி போடப்படும் சுருக்க வழக்கு இன்னும் கடுமை: சம்மன் சார்வான 10 நாளுக்குள் முன்னிலையாக வேண்டும். ஆகவே வந்திருப்பது எந்த வகை வழக்கு என்பதை அன்றைக்கே வக்கீலிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள்.

"வாங்கினால்தானே வழக்கு நடக்கும்?" என்று தபாலைத் திருப்பி அனுப்புகிறவர்கள் தங்களுக்கே தீங்கு செய்துகொள்கிறார்கள். மறுத்துவிட்டார் என்ற குறிப்போடு உறை திரும்பினால், சம்மன் முறையாகச் சார்வானதாக நீதிமன்றம் அறிவித்துவிடும். நீங்கள் வீட்டில் இல்லாதபோது வயது வந்த குடும்பத்தினர், ஆணோ பெண்ணோ, வாங்கினாலும் அந்தச் சார்வு செல்லுபடியாகக்கூடும். வேலையாள் குடும்பத்தினர் ஆகமாட்டார். அமீனா (சம்மனைக் கொண்டுவரும் நீதிமன்ற ஊழியர்) கதவில் ஒட்டிவிட்டுப் போகவும், நாளிதழில் விளம்பரம் செய்யவும்கூடச் சட்டத்தில் வழி உண்டு.

வழக்குப் போட்டவருக்கும் கெடு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. சம்மன் அனுப்ப உத்தரவானதும், பிரதிவாதிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வழக்குரை (வழக்கைத் தொடுக்கும் மனு) நகல்களையும் பேட்டாவையும் (சம்மன் சார்வுக்கான கட்டணம்) 7 நாளுக்குள் செலுத்த வேண்டும். சம்மன் சார்வாகாமல் திரும்பினால், அந்த அறிக்கை நீதிமன்றத்துக்கு வந்த 7 நாளுக்குள் புதிய சம்மன் கேட்க வேண்டும். இதற்குக் காலம் முன்பு ஒரு மாதமாக இருந்தது. தக்க காரணம் காட்டாமல் விட்டால் வழக்கு தள்ளுபடியாகும். மறுபடி வழக்குப் போடலாம், ஆனால் அதற்குள் வழக்குப் போடுவதற்கான காலவரையறை முடிந்திருந்தால் உரிமை அதோடு முடிந்தது. பழைய முகவரியைச் சரிபார்க்காமல் வழக்குரையில் எழுதுவதுதான் இந்தச் சங்கடத்துக்குப் பெரும்பாலும் வித்து.

எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்காலத் தடையுத்தரவு வாங்கியவர்களுக்கு அவகாசம் இன்னும் குறைவு. மனு, பிரமாணப் பத்திரம், வழக்குரை, ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை உடனே எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவோ பதிவுத் தபாலில் அனுப்பவோ வேண்டும். அப்படிச் செய்ததற்கான பிரமாணப் பத்திரத்தை அன்றைக்கோ மறுநாளோ தாக்கல் செய்தாக வேண்டும். உத்தரவு கிடைத்த மகிழ்ச்சியில் இதை விட்டுவிட்டால், அதையே சொல்லி எதிர்த்தரப்பு தடையை நீக்கக் கேட்கும்.

நீங்கள் முன்னிலையாகாததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டதா? ரத்து செய்யக் கோரும் மனுவுக்குத் தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாள். சம்மனே முறையாகச் சார்வாகவில்லை என்றால், தீர்ப்பாணை தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். ஆனால் சார்வில் ஏதோ சிறு குறை என்பது மட்டும் போதாது. விசாரணைத் தேதி உங்களுக்குத் தெரிந்திருந்து, வந்து பதில் சொல்லப் போதிய நேரமும் இருந்தது என்று நீதிமன்றம் கண்டால், அந்தக் குறைக்காகத் தீர்ப்பாணையை ரத்து செய்யாது.