வங்கி பேலன்ஸ் ஷீட்டில் ஷேர் பிரீமியத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் திண்ணை. சித்தூர் கல்லூரியில் பி.காம் படிக்கும் தங்கை மகன் ஒரு வங்கியின் ஆண்டறிக்கையைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு, "அடிஷனல் பெய்டு-இன் கேப்பிடல்னு புத்தகத்துல இருக்கு, இதுல காணோமுங்களே மாமா" என்றான். எப்படிக் கிடைக்கும்? அது அமெரிக்கக் கணக்குப் பெயர். நம் வங்கிகள் எழுதுவது ஷேர் பிரீமியம் என்று; புதுப் பங்கை அதில் குறித்த விலைக்கு, அதாவது முகமதிப்புக்கு, மேல் விற்கும்போது வங்கிக்குக் கிடைக்கும் கூடுதல் பணம். பிரீமியம் என்றால் எல்.ஐ.சி.தான் என்று என் அம்மா இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்; அது வேறு, இது வேறு.

படி 1: இடத்தைப் பிடியுங்கள்

பேலன்ஸ் ஷீட்டின் முதல் வரி மூலதனம்; அதன் விவரம் பின்னால் வரும் இணைப்பில், ஷெட்யூல் 1. அங்கே தேடாதீர்கள். அடுத்த வரி ரிசர்வ்ஸ் அண்ட் சர்ப்ளஸ், ஷெட்யூல் 2. அந்தப் பக்கத்துக்குப் போனால் ஸ்டாட்யூட்டரி ரிசர்வ், கேப்பிடல் ரிசர்வ், அதற்கடுத்து ஷேர் பிரீமியம். தொகை ஆயிரங்களிலா கோடிகளிலா என்று பக்கத்தின் மேல் மூலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நானே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

படி 2: ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்

தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி 2022 செப்டம்பரில் 1.584 கோடி புதுப் பங்குகளை, ஒன்று 510 ரூபாய் என்று விற்றது. பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். ஒவ்வொரு 510 ரூபாயிலும் 10 ரூபாய் ஷெட்யூல் 1-க்குப் போகும், மீதி 500 ஷேர் பிரீமியத்துக்கு. அதாவது மூலதனத்தில் 15.84 கோடி, பிரீமியத்தில் 792 கோடி. அறிக்கை ஆயிரங்களில் இருந்தால் இந்த 792 கோடி 79,20,000 என்று நிற்கும். வெளியீட்டுச் செலவை இதிலிருந்து கழிக்கச் சட்டம் இடம் தருவதால், அச்சில் உள்ள எண் கொஞ்சம் குறைந்திருக்கலாம்.

அப்புறம் சந்தையில் அந்தப் பங்கு 600-க்குப் போனாலும் 400-க்கு இறங்கினாலும் இந்த எண் அசையாது. அது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான பணம், வங்கிக்கு வருவதில்லை.

படி 3: இந்தப் பணத்தை என்ன செய்யலாம்?

இது லாபமல்ல, பங்குதாரர் போட்ட பணம். எனவே டிவிடெண்டாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. பங்குதாரருக்குக் காசு வாங்காமல் போனஸ் பங்கு கொடுக்கலாம். வெளியீட்டுச் செலவைக் கழிக்கலாம். வங்கி இதிலிருந்து ஒரு தொகையை எடுத்தால் 21 நாட்களுக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும், 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அது. நட்டம் வந்தால் முதலில் தாங்கும் அடிப்படை மூலதனத்திலும் இதைச் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

படி 4: புதுப் பங்கா, பழைய பங்கா?

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். திருச்சூரின் சி.எஸ்.பி. வங்கி 2019-இல் 195 ரூபாய் விலையில் சுமார் 410 கோடிக்குப் பங்கு வெளியிட்டது. முகமதிப்பு இங்கேயும் 10. தங்கை மகன் மடமடவென்று கணக்குப் போட்டு, "பிரீமியம் 389 கோடிங்க மாமா" என்றான். சரி, அதில் புதுப் பங்கு எவ்வளவு என்று பாருடா என்றேன். 24 கோடிக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் பழைய பங்குதாரர்கள் விற்றது, பணமும் அவர்களுக்கே போனது. அவன் 389-ஐ அடித்துவிட்டு, சுமார் 22.77 கோடி என்று எழுதினான்.