திரைவாசிப்பான் திட்டத்தை வேறு தளத்துக்கு மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

திரையில் உள்ளதைப் பார்வையற்றவர்களுக்குப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானோ வேறெதுவோ, ஒரு திறமூலத் திட்டத்தின் நிரலை கிட்ஹப், கிட்லேப் போன்ற ஒரு நிரல் சேமிப்புத் தளத்திலிருந்து வேறு தளத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் பத்து நிமிட வேலைதான். நிரலின் வரலாற்றைப் பதியும் கிட் என்ற கருவியில், பழைய ரெப்போவை (நிரல் களஞ்சியத்தை) மிரர் க்ளோன், அதாவது முழு நகல், எடுத்து, புதிய இடத்துக்கு புஷ் செய்தால் (ஏற்றினால்) கிளைகள், டேக்குகள், கமிட் வரலாறு எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் பலர் வார இறுதியில் வேலையைத் தொடங்குகிறார்கள். அப்புறம் மாதக்கணக்கில் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள்.

இடம் மாறுவது புதிதல்ல. கூகுள் கோட் தளம் மூடப்படும் என்று 2015 மார்ச்சில் அறிவிப்பு வந்தது, 2016 ஜனவரியில் மூடியும்விட்டார்கள். பிரெய்ல் மொழிபெயர்ப்புக்கு உதவும் லிப்லூயி அங்கிருந்து கிட்ஹப்புக்குப் போன திட்டம். 2018-ல் லினக்ஸின் க்னோம் பணிமேடைத் திட்டம் கிட்லேபுக்கு மாறியபோது ஓர்கா திரைவாசிப்பானும் கூடவே போனது. 2020-ல் பிட்பக்கெட் தளம், கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்குரியலைக் கைவிட்டபோது இன்னொரு கூட்டம் கிளம்பியது. உங்கள் திட்டமும் ஒருநாள் கிளம்ப நேரலாம்.

ஆனால் மாற்றுத்திறனாளிகள் கணினியைப் பயன்படுத்த உதவும் அணுகல் மென்பொருளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதைப் பயன்படுத்துபவர்களே அதை எழுதுபவர்களாகவும் இருக்கிறார்கள். 2006-ல் விண்டோஸுக்கான என்விடிஏ திரைவாசிப்பானைத் தொடங்கிய மைக்கேல் கர்ரன் பார்வையற்றவர்; அவரோடு சேர்ந்து அதை வளர்த்த ஜேம்ஸ் டேவும் பார்வையற்றவரே. அதனால் புதிய தளத்தின் வாசல் அவர்களைப் போன்றவர்களுக்குத் திறக்கவில்லை என்றால், திட்டத்தை அதன் சொந்தக்காரர்களிடமிருந்தே பிடுங்கிவிட்டோம் என்று பொருள். என் கணக்கில் மற்ற எல்லாத் தவறுகளும் இதற்குப் பின்னால்தான்.

கண்ணால் மட்டும் பார்த்துத் தளத்தைத் தேர்ந்தெடுப்பது

நான் பங்கேற்ற ஒரு சிறிய திட்டத்தில் இதைச் செய்தோம். வேகம், வசதி, கொள்கை எல்லாம் அலசிவிட்டுப் புதிய தளத்துக்குப் போனோம். முதல் வாரமே, எங்களில் பிறர் எழுதிய மாற்றங்களை அதிகமாக ரிவ்யூ செய்துவந்த, பிறவியிலேயே பார்வையில்லாத நண்பர் அமைதியாகிவிட்டார். கேட்டபோது தன் கணினியின் ஒலியை எங்களுக்குக் கேட்கவிட்டார். ஒரு மாற்றத்தை அவர் படிக்கும்போது திரைவாசிப்பான் சொன்னது இவ்வளவுதான்: "நாற்பத்திரண்டு, ரிட்டர்ன் ட்ரூ. நாற்பத்திரண்டு, ரிட்டர்ன் ஃபால்ஸ்." எந்த வரி நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது? பச்சையும் சிவப்பும் எங்களுக்குச் சொல்லிவிட்டன, அவருக்கு எதுவும் சொல்லவில்லை. கூட்டல், கழித்தல் குறிகளை அந்தத் தளம் வெறும் அலங்காரமாக வைத்திருந்தது. திரைவாசிப்பானுக்கு அவை போய்ச் சேரவே இல்லை. ஒரு வரி தலைகீழாக மாறியிருக்கிறது, அதை ரிவ்யூ செய்ய வேண்டியவருக்கு எந்தத் திசையில் என்று தெரியாது. இரண்டு மாதம் அவர் ஒவ்வொரு கிளையையும் தன் கணினிக்கு இறக்கி, டெர்மினலில் டிஃப் (இரு பதிப்புகளின் வேறுபாடு) எடுத்துத்தான் படித்தார். எங்களிடம் முதலிலேயே கேட்கும் பழக்கம் இருந்திருந்தால் அவருக்கு அந்த இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இதே போல இன்னும் உண்டு. சில தளங்கள் நீளமான கோப்பில் திரையில் தெரியும் வரிகளை மட்டுமே பக்கத்தில் வைக்கும். திரைவாசிப்பான் அதற்குக் கீழே போக முடியாமல் நின்றுவிடும். ஒற்றை எழுத்துக் குறுக்குவிசைகளை அணைக்க வழியில்லாத தளத்தில், குரலால் கணினியை இயக்குபவர் ஒரு சொல்லைச் சொன்னால் அதன் எழுத்துகள் ஒவ்வொன்றும் கட்டளையாகப் பாயும். வேலைகளை அட்டை அட்டையாக இழுத்துப்போடும் பலகைக்கு விசைப்பலகை வழி இல்லையென்றால், கையில் நடுக்கம் உள்ளவருக்கு அது சுவர்தான்.

கணக்கு தொடங்கும் இடத்தில் வரும், மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ச்சாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். படத்துக்குப் பதில் ஒலி இருக்கிறது என்பார்கள். பார்வையும் செவியும் இல்லாமல் பிரெய்ல் காட்சிக்கருவியில் மட்டும் படிப்பவருக்கு அந்த ஒலியால் என்ன பயன்? "எங்கள் தளம் டபிள்யூசிஏஜி 2.2 ஏஏ தரம்" என்று வலை அணுகல் தரநிலையைக் காட்டும் வாசகத்தையும் அப்படியே ஏற்காதீர்கள். 2023 அக்டோபரில் வந்த அந்தப் பதிப்பு, உள்நுழையும்போது மனப்பாடமும் புதிரும் கேட்கக் கூடாது என்கிறது; ஆனால் ஏஏ நிலையில், படத்தில் உள்ள பொருளை அடையாளம் காணும் சோதனைக்கு விலக்கு தந்திருக்கிறது. தரத்தையும் தாண்டிப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

என்ன செய்யலாம்? முடிவெடுக்கும் முன்பே ஒரு சோதனை ரெப்போ திறந்து, என்விடிஏ, ஓர்கா, வாய்ஸ்ஓவர் (ஆப்பிளின் திரைவாசிப்பான்), திரை உருப்பெருக்கி, குரல்வழி இயக்கம் என்று ஆளுக்கொன்று பயன்படுத்துபவர்களிடம் கொடுங்கள். புதிதாகக் கணக்கு தொடங்க வேண்டும், இரட்டைச் சரிபார்ப்பை அமைக்க வேண்டும், இஷ்யூ (பிழை அறிக்கை அல்லது கோரிக்கை) பதிய வேண்டும், மாற்றத்தின் ஒரு குறிப்பிட்ட வரியில் கருத்து எழுத வேண்டும், தோல்வியுற்ற பில்டின் (நிரலை இயங்கும் மென்பொருளாக்கும் வேலையின்) பதிவைப் படித்துக் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். யாருடைய உதவியும் இல்லாமல் இவ்வளவும் முடிகிறதா? ஒருவருக்கு முடியவில்லை என்றாலும் அவருக்கு வேறு வழி, உதாரணமாக மின்னஞ்சலில் பேட்ச் (மாற்றத்தை மட்டும் கொண்ட கோப்பு) அனுப்புவதோ கட்டளைவரிக் கருவியோ, உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே தளத்தைத் தீர்மானியுங்கள்.

இஷ்யூக்களும் கூடவே வந்துவிடும் என்று நினைப்பது

வராது. இஷ்யூ, ரிவ்யூ உரையாடல், லேபிள் எதுவும் கிட்டுக்குள் இல்லை. விக்கி பெரும்பாலும் தனி ரெப்போ. தளங்கள் தரும் இம்போர்ட் கருவி இவற்றைக் கொண்டுவரலாம். ஆனால் பழைய கருத்துகள் எல்லாம் இம்போர்ட் செய்தவர் பெயரில் வந்து விழுவது சகஜம். எழுதியவருக்கு அறிவிப்பு போகாது.

எண்களையும் கவனியுங்கள். கிட்லேபில் இஷ்யூவுக்கும் மெர்ஜ் ரிக்வெஸ்டுக்கும் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைக்கும்) தனித்தனி எண் வரிசை. கிட்ஹப்பிலும், திறமூலத் தள மென்பொருளான ஃபோர்ஜோவிலும் இரண்டுக்கும் ஒரே வரிசை. கிட்லேபிலிருந்து ஃபோர்ஜோவுக்குப் போகும்போது இஷ்யூ 12-ம் மெர்ஜ் ரிக்வெஸ்ட் 12-ம் மோதும். ஒன்று புது எண் வாங்கித்தான் ஆக வேண்டும். மற்ற மென்பொருளில் இது சின்னத் தொல்லை. அணுகல் மென்பொருளில் அப்படி விட்டுவிட முடியாது. காரணம், இதன் நிரல் முழுக்கப் பிற மென்பொருள்களின் கோளாறுகளைச் சமாளிக்கும் ஒட்டுவேலை. "50 மில்லிசெகண்ட் காத்திரு, இஷ்யூ 341 பார்க்க" என்று ஒரு வரி இருக்கும். ஏதோ ஒரு உலாவி ஃபோகஸ் நிகழ்வை (பயனர் எந்தப் பொத்தானில் நிற்கிறார் என்ற செய்தியை) இரண்டு முறை அனுப்பியதால் வந்த வரி அது. 341 எங்கே என்று தெரியாமல் போனால், ஆறு மாதம் கழித்து யாரோ நல்லெண்ணத்தில் அந்தக் காத்திருப்பை நீக்குவார்கள். அன்றிலிருந்து பயனருக்கு ஒவ்வொரு பொத்தானும் இரண்டிரண்டு முறை காதில் விழும். எனவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் ஒரு பட்டியலை ரெப்போவுக்குள்ளேயே கோப்பாக வையுங்கள். இஷ்யூக்களில் இணைத்த பதிவுக் கோப்புகளும் ஒலிப்பதிவுகளும் பழைய தளத்தின் சர்வரிலேயே இருக்கும், அவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

பில்ட் ஓடிவிட்டது என்று நிம்மதியாவது

சிஐ அமைப்பை, அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் பில்டையும் சோதனையையும் தானாக ஓட்டும் ஏற்பாட்டை, புதிய தளத்துக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரகசியச் சாவிகள் எந்த ஏற்றுமதியிலும் வராது என்பது மறந்துபோகும். அதில் ஆபத்தானது கையொப்பச் சான்றிதழ். விண்டோஸில் திரைவாசிப்பான், நிர்வாகி உரிமையில் ஓடும் நிரல்களையும் படிக்க வேண்டுமென்றால் அதற்கு யூஐ அக்சஸ் உரிமை வேண்டும். செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பம் இருந்து, புரோகிராம் ஃபைல்ஸ் போன்ற பாதுகாப்பான இடத்தில் நிறுவப்பட்டிருந்தால்தான் விண்டோஸ் அதைத் தரும். சான்றிதழ் பழைய இடத்திலேயே நின்றுவிட்டால், பில்ட் பச்சை காட்டினாலும் அந்த உரிமை கிடைக்காது. வெளியிடும் முன் ஒரு முறை நிறுவிப் பார்த்து, நிர்வாகி உரிமை கேட்கும் ஜன்னலைத் திறந்து, காதால் கேட்டு உறுதி செய்யுங்கள்.

சப்மாட்யூல்களும், அதாவது உங்கள் ரெப்போவுக்குள் இணைத்த பிற ரெப்போக்களும், உண்டு. என்விடிஏ தன் பேச்சுப்பொறியான ஈஸ்பீக் என்ஜியையும் லிப்லூயியையும் அப்படித்தான் உள்ளே வைத்திருக்கிறது. உங்கள் திட்டத்தில் சப்மாட்யூல் முகவரி, தளத்தின் பெயர் இல்லாத சார்பு முகவரியாக இருந்தால், மாறியதும் அது புதிய தளத்தில் இல்லாத ரெப்போவைத் தேடும். குரல் தரவு எல்எஃப்எஸ்ஸில் (பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் வசதியில்) இருந்தால் தனியாக இறக்கித் தனியாக ஏற்றுங்கள். மொழிபெயர்ப்புத் தளத்தோடு உள்ள இணைப்பையும் புதுப்பியுங்கள்.

பழைய வீட்டை உடனே இடிப்பது

உங்கள் மென்பொருள் ஏற்கெனவே பலரின் கணினியில் இருக்கிறது. அதற்குள் புதுப்பிப்பு தேடும் முகவரி பொறிக்கப்பட்டிருக்கிறது. ரெப்போவின் பெயர் மாறினால் கிட்ஹப் தானாக வழிகாட்டும், ஆனால் தன் எல்லைக்குள் மட்டும். வேறு தளத்துக்கு வழிகாட்டாது. என்விடிஏவின் ஆட்-ஆன் அங்காடியில் இருக்கும் ஆட்-ஆன் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்) என்றால், அங்கே பதிந்த பதிவிறக்க முகவரியும் பழையதையே காட்டும். ஒரு விளையாட்டு புதுப்பிக்கப்படாவிட்டால் எரிச்சல்தான் வரும். திரைவாசிப்பான் பழசாகித் திடீரென்று பேச மறுத்தால், அதைச் சரிசெய்யப் பதிவிறக்கப் பக்கத்தைத் தேடக்கூட அந்த மனிதருக்கு வழியிருக்காது.

அதனால் புதிய முகவரியைக் கொண்ட ஒரு பதிப்பைப் பழைய தளத்திலேயே கடைசியாக வெளியிடுங்கள். கணக்கை அழிக்காதீர்கள், காலியான பெயரை வேறு யாராவது எடுத்துக்கொண்டால், பழைய முகவரியை நம்பி வருபவர்களுக்கு அவர்கள் தருவதுதான் மென்பொருள். கிட்ஹப்பில் ஆர்கைவ் செய்தபின் ரெப்போ முழுக்கப் படிக்க மட்டும் என்றாகிவிடும், இஷ்யூவில் பதில்கூட எழுத முடியாது. ஆகவே திறந்திருக்கும் ஒவ்வொரு இஷ்யூவிலும் புதிய முகவரியை எழுதிவிட்டு, ரீட்மீ அறிமுகக் கோப்பின் முதல் வரியில் "இந்தத் திட்டம் இடம் மாறிவிட்டது" என்று போட்டுவிட்டு ஆர்கைவ் பொத்தானை அழுத்துங்கள். அந்த வரி எழுத்தாக இருக்கட்டும், படமாக வேண்டாம்.