பதற்ற நோய்க்கு மருந்து: பத்தாம் நாளில் செய்யும் தவறு

பதற்ற நோய்க்குப் புதிதாகச் சிகிச்சைக்கு வருபவர்கள் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் வழுக்குகிறார்கள். நேரத்துக்குத் தூங்கு, காபியைக் குறை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடலாம்.

பத்தாம் நாளில் மாத்திரையை நிறுத்துவது

பல நேரம் இரண்டு மருந்து எழுதித் தருவார்கள். எஸ்சிடலோபிராம் அல்லது செர்ட்ராலின் ஒன்று. குளோனசெபாம் அல்லது அல்பிரசோலம் இன்னொன்று. நோயைக் கட்டுக்குள் கொண்டுவருவது முதல் மருந்துதான். ஆனால் அது பிடிக்க 2 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க, சில வாரங்களுக்கு மட்டும், இரண்டாவது. அது ஒரு மணி நேரத்துக்குள் படபடப்பை அடக்கிவிடும்.

வினை இங்கேதான். முதல் மருந்து தொடக்கத்தில் வயிற்றைக் குமட்டும். சிலருக்குப் படபடப்பைக் கூட்டும். "இது உடம்புக்கு ஒத்துக்கலை" என்று அதை விட்டுவிட்டு, உடனே இதம் தந்த சின்ன மாத்திரையை மட்டும் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். சில மாதத்தில் அரை மாத்திரை ஒன்றாகிறது. வெளியூர் போகையில் அட்டையை மறந்தால் கை நடுங்குகிறது, இரவு முழுக்கத் தூக்கமில்லை. நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மருந்து சட்டென்று விட்டுப்போனால் அப்படித்தான் இருக்கும். வலிப்பு வரைகூடப் போகும். தவிர்த்திருக்கக்கூடிய அவதி என்பதால்தான் இதைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது.

எஸ்சிடலோபிராம் 10 மி.கி., குளோனசெபாம் 0.5 மி.கி. இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையும் கடைகளில் உண்டு. அதில் ஒன்றைக் குறைத்து மற்றதைத் தொடர முடியாது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் எத்தனை மருந்துப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு இருந்தால், "தனித்தனியா எழுதித் தர முடியுமா டாக்டர்? குளோனசெபாமை எப்போ நிறுத்தணும்?" என்று முதல் நாளே கேளுங்கள்.

குமட்டினால் சாப்பிட்ட பிறகு போடலாம். எஸ்சிடலோபிராம் என்றால் 5 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரம் கழித்து 10-க்கு ஏற்ற முடியுமா என்றும் கேட்கலாம். இருப்புக்கொள்ளாத தவிப்போ தற்கொலை எண்ணமோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். குணம் தெரிந்த பிறகும் முதல் மருந்தைக் குறைந்தது 6 மாதமாவது தொடர வேண்டும். சின்ன மாத்திரைக்கு ஏற்கெனவே பழகிவிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சொல்லும் அளவில், வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மூச்சை வேகமாக இழுப்பது

படபடப்பில் வேகவேகமாக ஆழ்ந்து இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள்.

பாதியில் பஸ்ஸை விட்டு இறங்குவது

சிபிடி என்னும் பேச்சுச் சிகிச்சையில், பயப்படும் இடத்துக்கே படிப்படியாகப் போகப் பழக்குவார்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கினால், இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனம் பதித்துக்கொள்ளும். அடுத்த முறை பஸ் ஏறவே கால் வராது. இரண்டு ஸ்டாப் மட்டும் போகிற பயிற்சி என்றாலும், அந்த இரண்டையும் முடித்துவிட்டே இறங்குங்கள். பெரும்பாலும் 12 அமர்வாவது தேவைப்படும். இரண்டோடு விட்டால் பலன் தெரியாது.

நான்காவது ஈசிஜி

ஈசிஜியும் தைராய்டும் பார்த்து மருத்துவர் சரி என்ற பிறகு, அதே படபடப்புக்கு மறுபடி மறுபடி எடுக்க வேண்டாம்.

மாத்திரையோடு மது

கூடவே கூடாது. குளோனசெபாமோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுவது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.