கொடியை நம்பாமல் பாய்மரப் போர்க்கப்பலை இனங்காணும் முறை

1782 ஏப்ரில் 12ஆம் திகதி திருகோணமலைக்குத் தெற்கே பிரித்தானிய அட்மிரல் எட்வர்ட் ஹியூஸுடன் மோதிய பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென், அம்மாத இறுதியில் தம் கப்பல்களை அப்போது ஒல்லாந்தர் வசமிருந்த மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, யூன் தொடக்கம் வரை இங்கே நங்கூரமிட்டிருந்தார். அக்காலப் போர்க்கப்பல் ஓவியமொன்றைக் காணும் நம்மவர் முதலில் கொடியைத் தேடுவது இயல்பே. ஆனால் கொடி, கப்பலை வைத்திருந்தவரைக் காட்டுமேயன்றிக் கட்டியவரைக் காட்டாது. சுஃப்ரெனின் அணியிலேயே ‘அனிபால்’ என்ற பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தன. 74 பீரங்கிகள் கொண்டது பிரெஞ்சுக் கப்பல். 50 பீரங்கிகள் கொண்ட ‘சின்ன அனிபால்’ அவ்வாண்டு சனவரியில் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றப்பட்டது.

ஆகவே நீளத்திலிருந்து தொடங்குங்கள். 1780களில் வரையப்பட்ட பிரெஞ்சு 74-பீரங்கிக் கப்பல் ஏறத்தாழ 56 மீற்றர் நீளமுடையது. அதே தரத்துப் பிரித்தானியக் கப்பல் பெரும்பாலும் 51, 52 மீற்றருக்குள் அடங்கியது. பீரங்கி வாசல்கள் நெருங்கி, உடல் கட்டையாகத் தெரிந்தால் பிரித்தானியக் கட்டுமானம் என்று ஐயுறலாம். பிரெஞ்சுக் கப்பல் வேகமாக ஓடியது. ஆனால் அதன் மரச்சட்டங்கள் மெலிந்தவை. எதிரியின் துறைமுக வாயிலில் மாதக்கணக்காகக் காவல் கிடக்க வேண்டியிருந்த பிரித்தானியர், வேகத்தைச் சற்று விட்டுக்கொடுத்து உறுதியான உடலைத் தேர்ந்தது என் பார்வையில் சரியான கணக்கே.

அடுத்துக் கீழ்த்தளப் பீரங்கி. பிரெஞ்சுக் கப்பலின் குண்டு பிரெஞ்சு அளவில் 36 இறாத்தல், அதாவது 17.6 கிலோகிராம்; பிரித்தானியரின் 32 இறாத்தல் குண்டு 14.5 கிலோகிராம் மட்டுமே. இரு நாட்டு இறாத்தலும் வேறுபடுவதால், எண்களை நேரே ஒப்பிட்டால் இந்த இடைவெளி சிறிதாகவே தோன்றும்.

மாதிரியுருவாயின் அடிப்பகுதியையும் பாருங்கள். கடற்புழுவும் பாசியும் அண்டாதவாறு செப்புத்தகடு பொதிவதில் பிரித்தானியர் முந்தியிருந்தனர். சுஃப்ரெனின் கப்பல்களில் ஒரு பகுதிக்கே அது வாய்த்திருந்தது.

போர்க்காட்சியாயின் சேதம் எங்கே என்று கவனியுங்கள். பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் பாய்மரங்களையும் கயிறுகளையும் குறிவைத்தனர், பிரித்தானியர் உடலைத் துளைத்தனர். ஏப்ரில் 12 சமரில் பிரித்தானிய ‘மொன்மத்’ தன் மூன்று பாய்மரங்களில் இரண்டை இழந்தது.

ஓர் எச்சரிக்கை: 1747இல் கைப்பற்றிய பிரெஞ்சு ‘இன்வின்சிபிள்’ கப்பலை அளந்து பார்த்த பின்னரே பிரித்தானியர் 74-பீரங்கிக் கப்பல்களைப் பெருமளவில் கட்டத் தொடங்கினர். ஆகவே பிரித்தானியக் கப்பலிலும் பிரெஞ்சுச் சாயல் இருக்கலாம். நீளம் ஐயத்துக்கிடமாக இருந்தால் பின்புறத்தைப் பாருங்கள்: மேல்விளிம்பு குதிரை லாடம் போல் வளைந்திருப்பது பெரும்பாலும் பிரெஞ்சுக்காரரின் கைவேலை.