சொனோமா கடலோரத் திராட்சையில் ஒயின் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஃப்ரீமான்ட்டில் ஒரு தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் "அண்ணா, ஒரு நிமிஷம் கராஜுக்கு வாங்க" என்றார். மார்ச் மாதம் அடைத்த ஒயின், பினோ நுவார் என்கிற சிவப்புத் திராட்சையில் போட்டது, இருபது பெட்டிக்கு மேல் அடுக்கி வைத்திருந்தார். மேல் பெட்டியில் நான்கைந்து பாட்டிலில் கார்க் கழுத்தைத் தாண்டி அரை விரல் உயரத்துக்கு எழும்பி நின்றது. "வெயில்னால இருக்குமோ?" என்று கேட்டார். ஒன்றைத் திறந்தேன். புஸ்ஸென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டில் 2016 ஜூனில் கேட்டது.

ஒவ்வொரு செப்டம்பரிலும் எங்கள் கூட்டத்தில் இரண்டு மூன்று புதுக் குடும்பங்கள் சேர்கின்றன. எல்லோரும் சேர்ந்து கலிஃபோர்னியாவின் சொனோமா கடலோரத் தோட்டம் ஒன்றிலிருந்து திராட்சை வாங்கிப் பிரித்துக்கொள்வோம். (இரண்டு பெரியவர்கள் இருக்கிற வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை சொந்த உபயோகத்துக்குப் போடலாம், விற்கத்தான் கூடாது.) பாத்திரத்தைச் சுத்தமாகக் கழுவுங்கள், மூடி வையுங்கள் என்பதையெல்லாம் எந்தக் கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம், அதை விட்டுவிடுகிறேன். குளிர்ந்த கடலோரத் திராட்சைக்கென்றே சில தவறுகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பெயரை நம்பி வாங்குவது

"சொனோமா கோஸ்ட்" என்று சொன்னதும் பசிபிக் கடலைப் பார்த்து நிற்கிற மலைச்சரிவு நம் கண்ணில் வரும். ஒயின் லேபிளில் போடுகிற அந்தப் பெயருக்கு 1987இல் அரசு வகுத்த எல்லை அவ்வளவு சிறியதல்ல. வடக்கே மென்டசீனோ மாவட்ட எல்லையில் தொடங்கி தெற்கே சான் பாப்லோ விரிகுடா வரைக்கும் போகிறது. கடலே கண்ணில் படாத உள்பகுதிகளும் அதில் அடக்கம். அதனால்தான் கடலை ஒட்டிய மேற்குப் பகுதிக்காரர்கள் பல வருஷம் போராடி, 2022இல் "வெஸ்ட் சொனோமா கோஸ்ட்" என்று தனிப் பெயர் வாங்கினார்கள். அதற்கு முன்பே, 2012இல், ஃபோர்ட் ராஸ்-சீவியூ தனியாகப் பிரிந்திருந்தது. 2017இல் காற்றை அடையாளமாக வைத்தே பெட்டலூமா கேப் எல்லை வகுத்துக்கொண்டது.

இது வெறும் லேபிள் சண்டை என்று நினைக்காதீர்கள், உங்கள் தொட்டிக்குள் வரும் பழமே மாறிவிடும். ஃபோர்ட் ராஸ் பக்கத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் 920 அடிக்கு மேலே, மூடுபனிக்கும் மேலே இருக்கின்றன. கீழே கடல் முழுக்கப் பஞ்சு விரித்த மாதிரி பனி கிடக்கும், மேலே பளிச்சென்று வெயில் அடிக்கும். பழத்தின் தோல் தடிக்கும், துவர்ப்பு ஏறும். ஆக்சிடென்டல், ஃப்ரீஸ்டோன் பக்கம் வந்தால் பனிக்குள்ளேயே வளருகிற கொடிகள். பழுக்க நாளாகும், புளிப்பு நிற்கும். பெட்டலூமா கேப்பில் மதியத்துக்கு மேல் மலை இடைவெளி வழியாகக் கடல்காற்று இழுத்து வீசும், பழம் சின்னதாகத் தோல் கெட்டியாக வரும். டன்னுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறீர்கள். எந்தச் சரிவு, எத்தனை அடி உயரம், பனிக்கு மேலா கீழா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

சர்க்கரை எண்ணுக்காகவே காத்திருப்பது

உள்நாட்டுச் சூட்டில் பழுக்கிற சின்ஃபண்டெல் திராட்சைக்கு எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு, பிரிக்ஸ் என்கிற சர்க்கரை அளவைப் பார்த்து, "இன்னும் 25 பிரிக்ஸ் வரல, ஒரு வாரம் விடலாம்" என்று சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். கடலோரத்தில் 23 பிரிக்ஸிலேயே சுவை நிறைந்துவிடும். விதையைக் கடித்துப் பாருங்கள். பழுப்பு நிறமாகி, நறுக்கென்று உடைந்து, பச்சைக் கசப்பு இல்லாமல் இருந்தால் பழம் தயார்தான். பினோவின் கொத்து நெருக்கமானது, தோலும் மெல்லியது. அக்டோபரில் முதல் மழை இறங்கிவிட்டால் கொத்துக்கு நடுவில் பூசணம் பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியக்கூடத் தெரியாது.

மாலோ முடியாமல் பாட்டிலில் அடைப்பது

தம்பி வீட்டு கராஜில் நடந்தது இதுதான். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. இதில் போவது ஒரு வருஷத்து உழைப்பு முழுக்க, அதுவும் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போது போகிறது.

திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள் உண்டு. ஒன்று டார்டாரிக், நம் புளியில் இருக்கிற அதே அமிலம். இன்னொன்று மாலிக், பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுகிறதே, அது. பழம் பழுக்கும்போது வெயிலின் சூட்டில் கொடியே மாலிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துவிடும். உள்நாட்டில் லோடைப் பக்கம் கோடை முழுக்க அடிக்கிற சூட்டில் அறுவடைக்குள் பெரும்பகுதி போய்விடும். கடலோரத்தில் காலையில் பனி, மதியம் காற்று, இரவில் ஸ்வெட்டர் போடுகிற குளிர். மாலிக் அப்படியே தங்கிவிடுகிறது. சிவப்பு ஒயினில் அதை ஒரு பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்ற வேண்டும். தயிரில் இருக்கிற மென்மையான புளிப்பு அது. இந்த மாற்றத்தைத்தான் மாலோ என்கிறோம். ஒரு கிராம் மாலிக் மாறினால் சுமார் 0.67 கிராம் லாக்டிக்கும் 0.33 கிராம் கரியமில வாயுவும் வரும். அந்த வாயு பீப்பாயில் வந்தால் ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடுகிற மூடி) வழியாக வெளியே போகும். பாட்டிலுக்குள் வந்தால் எங்கே போகும்?

இந்த பாக்டீரியாவுக்குக் குளிர் ஆகாது, கடும் புளிப்பும் ஆகாது. 18 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுறுசுறுப்பாக இருக்கும், 15க்குக் கீழே போனால் சுருண்டு படுத்துவிடும். பிஎச் (எண் குறையக் குறையப் புளிப்பு கடுமை) 3.2க்குக் கீழே இருந்தால் அசையவே யோசிக்கும். ஆக, கடலோரத் திராட்சையில் மாலிக்கும் அதிகம், வேலை செய்ய வேண்டிய பாக்டீரியாவுக்குச் சூழலும் பாதகம். லோடைத் திராட்சையில் போடுகிறவர் "நன்றி நவிலல் நாளுக்குள்ள தானா முடிஞ்சுடும்" என்று சொல்வது அவர் ஒயினுக்குச் சரி. நம் ஒயினுக்கு அதை நம்பினால் போச்சு.

என் கதையைச் சொல்கிறேன். 2015இல் ஆக்சிடென்டல் பக்கத்திலிருந்து அரை டன் பினோ. நொதித்தல் அழகாக முடிந்தது, பிழிந்து பீப்பாயில் ஊற்றினேன். பாக்டீரியா கலக்க வேண்டிய நாளில் அலுவலக வேலையாக வெளியூர் போய்விட்டு, மூன்று வாரம் கழித்துக் கலந்தேன். அதற்குள் ஒயின் ஆறிப்போயிருந்தது. டிசம்பரில் கராஜ் 11 டிகிரி. ஏர்லாக்கில் இரண்டொரு குமிழி வந்தது, அப்புறம் நின்றது. நின்றதும் முடிந்துவிட்டது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். மார்ச்சில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன், கொஞ்சம் சல்ஃபைட் (கிருமிகளை அடக்குகிற கந்தகப் பொருள்) போட்டு எல்லாவற்றையும் அடைத்தேன். மே மாதம் வெயில் ஏறியது. பாட்டிலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவை விழித்துக்கொண்டன. ஜூனில் ஒரு ராத்திரி மனைவி ஒரு பாட்டிலைத் திறந்தபோது புஸ்ஸென்று நுரை வந்தது. கலங்கலான நிறம், நாக்கில் சுருக்கென்று குத்தல், செர்ரி வாசம் இருக்க வேண்டிய இடத்தில் ஊறிப்போன முட்டைக்கோஸ் வாசம். கிட்டத்தட்ட முந்நூறு பாட்டில். ஒன்றைக்கூட ஒருத்தர் கையில் கொடுக்க முடியவில்லை.

நம் வீடுகளில் யாருக்காவது இது தெரியாதா? இந்த ஊர்க் குளிரில் இட்லி மாவு பொங்காது என்று ஓவனுக்குள் வைத்து விளக்கைப் போட்டுவிடுகிறோம். தயிருக்கு உறை ஊற்றினால் துண்டைச் சுற்றி வைக்கிறோம். இட்லி மாவைப் புளிக்க வைக்கிற பாக்டீரியாக்களில் முக்கியமானது லூக்கோனோஸ்டாக் இனம். ஒயினில் வேலை செய்கிற ஈனோகாக்கஸையும் 1995 வரை லூக்கோனோஸ்டாக் என்றுதான் வகைப்படுத்தியிருந்தார்கள். அதன் சொந்தக்காரர்களை இத்தனை வருஷமாக அடுக்களையில் வளர்க்கிறோம். மாவுக்குக் காட்டுகிற அக்கறையை இதற்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்றால், பிழிந்த உடனே, நொதித்த சூடு ஆறுவதற்கு முன்பே பாக்டீரியாவைக் கலந்துவிடுங்கள். ஒயினை 20 டிகிரி அருகில் வையுங்கள். பீப்பாயைச் சுற்றி மின்கம்பளம், கண்ணாடி ஜாடிக்கு அடியில் நாற்று முளைக்க வைக்கிற சூட்டுப் பாய், எது கிடைத்தாலும் சரி. வாரம் ஒருமுறை அடியில் தங்கிய வண்டலை மெதுவாகக் கிளறிவிடுங்கள். மாலோ முடியும்வரை சல்ஃபைட் போடாதீர்கள்.

முடிந்ததா என்பதை ஏர்லாக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. கராஜில் வெப்பம் இரண்டு டிகிரி ஏறினாலே ஒயினில் கரைந்த வாயு குமிழியாக வரும், இறங்கினால் நின்றுபோகும். காகிதச் சோதனை செய்யுங்கள். காகிதத்தின் அடியில் பென்சிலால் ஒரு கோடு, அதன் மேல் மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஒயின் ஒரு பொட்டு, பக்கத்தில் தூய மாலிக்கும் லாக்டிக்கும் ஒவ்வொரு பொட்டு. காய்ந்ததும் சுருட்டி, சோதனைத் திரவம் ஊற்றிய ஜாடிக்குள் நிறுத்தி மூடிவிடுங்கள். திரவத்தின் நெடி மூக்கைத் துளைக்கும், கராஜிலேயே வையுங்கள். சில மணி நேரம் கழித்து எடுத்துக் காயவிட்டால் காகிதம் நீலப்பச்சையாகும், அமிலங்கள் மஞ்சள் புள்ளியாக நிற்கும். கீழே டார்டாரிக், நடுவில் மாலிக், மேலே லாக்டிக். நடுப்புள்ளி மறைந்தால் பாதி நிம்மதி. பாதிதான், ஏனென்றால் லிட்டருக்கு 0.1 கிராம் அளவுக்குக் கீழே இருப்பதைக் காகிதம் காட்டாது. ஒரு மாதம் விட்டு இன்னொரு முறை பாருங்கள், அடைப்பதற்கு முன் ஆய்வகத்துக்கு ஒரு சின்ன பாட்டில் அனுப்பி எண்ணாகவே வாங்கிவிடுங்கள். அதற்கு ஆகிற செலவு, நல்ல பாட்டில் ஒன்றின் விலைகூட இல்லை.

அப்புறம் சல்ஃபைட். மாலோ முடிந்தால் பிஎச் ஏறும், 3.4 இருந்தது 3.6 ஆகலாம். 3.4இல் லிட்டருக்கு 32 மில்லிகிராம் கட்டற்ற (ஒயினில் வேறெதோடும் ஒட்டிக்கொள்ளாத) சல்ஃபைட் செய்கிற காவலை 3.6இல் செய்ய 50 வேண்டும். நான் 2016இல் போட்டது 25.

புளிப்பைப் பார்க்காமல் டார்டாரிக் கொட்டுவது

கடலோரப் பழத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. அளக்காமல் தொடாதீர்கள்.

நிறம் வரவில்லை என்று குத்திக்கொண்டே இருப்பது

பினோ இயல்பிலேயே வெளிர். நொதிக்கும்போது மேலே மிதக்கிற தோலை ஒரு நாளில் இரண்டு முறை அமுக்கிவிட்டால் போதும். ஐந்து முறை அமுக்கினால் விதையின் கசப்புதான் இறங்கும்.

புகை பட்ட பழத்தைத் தின்று பார்த்துவிட்டு வாங்குவது

2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து காடு பற்றியபோது மேற்கு சொனோமாவில் வால்பிரிட்ஜ் தீயும், கடலோரத்தில் மேயர்ஸ் தீயும் எரிந்தன. அந்த வருஷம் பாதி விலைக்குப் பழம் கிடைத்தது. பறித்துத் தின்றோம், தேனாக இனித்தது. புகையில் வருகிற குவாயகால் மாதிரியான பொருள்கள் பழத்துக்குள் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு, வாசமே இல்லாமல் ஒளிந்திருக்கும். நொதிக்கும்போதும் அதற்குப் பின்னாலும்தான் விடுபட்டு வரும். எங்களுக்கு வந்தது, குளிர்ந்துபோன விறகடுப்புச் சாம்பலை நக்கின மாதிரி ஒரு பின்சுவை. அறுவடைக்கு முன்பே ஒரு வாளிப் பழத்தை வாங்கி வீட்டில் நொதிக்க வைத்து, குடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புது ஓக் பீப்பாய்

வேண்டாம்.

ஏற்கெனவே அடைத்துவிட்டிருந்தால்

அந்தத் தம்பி இதைத்தான் கேட்டார். கொஞ்சமாக இருந்தால் ஃபிரிட்ஜில் வைத்து, சீக்கிரம் குடித்துவிடலாம். குளிரில் வேலை நின்றுவிடும். இருபது பெட்டிக்கு அது நடக்காது. முதலில் பாட்டில்களைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றினோம், நீல ஐஸ் மூட்டைகளுக்கு நடுவில். பின்பு ஒரு சனிக்கிழமை நான்கு பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, முகர்ந்து பார்த்து, கெட்ட வாசம் வந்தவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றதைக் கரியமில வாயு நிரப்பிய கண்ணாடி ஜாடிகளுக்குள் சுவரோரமாக மெதுவாக இறக்கினோம். மொத்தத்தில் நாற்பத்து மூன்று பாட்டில் போனது. நான் 2016இல் இப்படிச் செய்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்; யாரும் சொல்லித் தரவில்லை.

அடியில் சூட்டுப் பாய் போட்டு 20 டிகிரியில் வைத்திருக்கிறோம். போன ஞாயிறு காகிதம் எடுத்துப் பார்த்தார், படம் அனுப்பினார். நடுப்புள்ளி மங்கியிருக்கிறது, ஆனால் இருக்கிறது. "இன்னும் எத்தனை நாள் ஆகும் அண்ணா?" என்று கேட்டார். அடுத்த காகிதம் மூன்று வாரம் கழித்து என்று எழுதினேன்.